ஊசி போட்டுப் பல நாள் கழித்து வரும் தடிப்பு: தாமத ஒவ்வாமை, ஓர் எளிய விளக்கம்

புதன்கிழமை என்றால் சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள். ஊசி போட்டு முடித்ததும் குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் இருக்கும் பெற்றோருக்கு அந்த அரை மணி நேரம் வீண் என்று தோன்றலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருமானால் அது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே வந்துவிடும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு. அந்த அரை மணி நேரமும் கழிந்து, குழந்தை வீடு வந்து, காய்ச்சலும் தணிந்து, ஊசி போட்டதையே வீட்டார் மறந்துபோன பிறகு தொடையில் தலைகாட்டும் கட்டியையும் தடிப்பையும் பற்றியது இந்தக் கட்டுரை.

பெரம்பூரில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு ஒன்றரை வயது ஊசி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. குளிப்பாட்டும்போது இடது தொடையில் பட்டாணி அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. அமுக்கினால் குழந்தை அழவில்லை. சூடும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் அந்த இடத்தை ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தாள். தங்கையின் மாமியார், “ஊசி கட்டிக்கிச்சு” என்று ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார். இரண்டு மாதம் ஆகியும் கரையவில்லை என்றதும், ஊசி முனை உள்ளேயே உடைந்துவிட்டதோ என்று பயந்துபோனார். சளி பிடிக்கும்போதெல்லாம் அரிப்பு கூடியது. கட்டியின் மேல் தோல் சற்றுக் கறுத்து, அந்த இடத்தில் மட்டும் பூனைமுடி போல மெல்லிய ரோமம் வளர்ந்திருந்தது. குழந்தை மருத்துவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி, “எப்ப ஆரம்பிச்சதும்மா?” என்பதுதான். தாமத ஒவ்வாமையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு அந்தக் கேள்விதான்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீடுகளில் “கத்தரிக்காய் ஒத்துக்காது”, “இந்த ஊசி குழந்தைக்கு ஒத்துக்கலை” என்று சொல்வது வழக்கம். ஒவ்வாமை என்ற சொல்லும் ஒவ்வாதது, ஒத்துப்போகாதது என்ற பொருளில் பிறந்ததுதான். ஆனால் பேச்சு வழக்கில் இந்த ஒத்துக்காமைக்குள் காய்ச்சல், வலி, வீக்கம், வயிற்றுப்போக்கு என எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லை குறுகலானது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை முன்பே சந்தித்து, அதைப் பகை என்று தவறாக நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை சந்திக்கும்போது அளவுக்கு மீறிப் பாய்ந்தால் மட்டுமே அது ஒவ்வாமை. ஊசி போட்ட அன்றிரவு வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஒவ்வாமை ஆகாது; எதிர்ப்பு மண்டலம் தன் பாடத்தைப் படிக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அது.

அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர். அக்காலத்தில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்குக் குதிரையின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டு வந்தனர். சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வாரத்திற்குள் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வீக்கமும் வந்தன. பிர்கேயும் அவருடன் பணிபுரிந்த பேலா ஷிக்கும் கவனித்தது ஒரு நுட்பமான விஷயம்: முதல் ஊசிக்குப் பிறகு பல நாள் கழித்து வந்த அதே எதிர்வினை, இரண்டாவது ஊசிக்குப் பிறகு விரைவாக வந்தது. மருந்து அதுவே, குழந்தையும் அதுவே. மாறியிருந்தது குழந்தையின் உடல் எதிர்வினை காட்டிய விதம். அந்த மாற்றத்திற்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது பிறந்த சொல்தான் அலர்ஜி. ஊசிக்கும் எதிர்வினைக்கும் இடையிலான நாட்களை எண்ணியதிலிருந்து பிறந்த சொல் அது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

உடனடியாக வரும் ஒவ்வாமையை ஐ.ஜி.ஈ என்ற எதிர்ப்புப் புரதம் நடத்துகிறது. இது தோலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். உரிய பொருள் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டிவிடும். எல்லாம் தயாராக இருப்பதால் நேரம் பிடிப்பதில்லை. உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவை நிமிடங்களில் தொடங்கும். இதன் கடுமையான வடிவமே அனஃபிலாக்சிஸ். அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட தடுப்பூசி டோஸ்களை ஆராய்ந்தபோது, பத்து லட்சம் டோஸ்களுக்கு ஏறத்தாழ 1.3 என்ற அளவில்தான் இது நேர்ந்திருந்தது. அரிது, ஆனால் ஆபத்தானது. அதனால்தான் அந்த அரை மணி நேரம்.

தாமத ஒவ்வாமையின் வழி வேறு. இதில் ஐ.ஜி.ஈக்கு வேலை இல்லை. டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள்தாம் முன்னின்று நடத்துகின்றன. ஒரு பொருளை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் உடம்பு முழுவதும் சிதறிச் சுற்றிக்கொண்டிருப்பவை. அவற்றில் சில, பொருள் இருக்கும் இடத்துக்கு வந்து, அதை அடையாளம் கண்டு, பெருகி, வேதிச் சைகைகளை அனுப்பி, வேறு செல்களையும் வரவழைத்து, அந்த இடத்தைத் தடிக்கச் செய்ய ஒரு நாளாவது ஆகும். பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் அது உச்சத்தை அடையும். மருத்துவ நூல்கள் இதை நான்காம் வகை ஒவ்வாமை என்று குறிப்பிடுகின்றன.

இந்த வகை நமக்குப் புதிதன்று. துணியில் குறி போடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய சேங்கொட்டையின் பால் பட்ட இடம் அன்றைக்கு ஒன்றும் செய்யாமலிருந்து, ஓரிரு நாள் கழித்துக் கொப்புளித்து அரிப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். கவரிங் கம்மல் போட்ட காது மடல் நீர் கோத்துக்கொள்வது அதிலுள்ள நிக்கலால். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் சிலருக்கு வட்டமாக அரிப்பது அதன் பசையால். இவை அனைத்திலும் நடப்பது டி செல்களின் அதே வேலைதான். காசநோய்க்கான மான்டூ பரிசோதனையும் இதே தத்துவத்தில் அமைந்தது. முன்கையில் ஊசி போட்டுப் பேனாவால் வட்டமிட்டு, “இரண்டு நாள் கழித்து வந்து காட்டுங்கள்” என்று சொல்வது ஏன் என்று பலருக்கும் தெரிவதில்லை. டி செல்கள் வந்து கூட அவ்வளவு நேரம் ஆகும் என்பதே காரணம்.

இனி, தடுப்பூசிக்குள் இருக்கும் எந்தப் பொருள் இப்படிச் செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். சிறு குழந்தைகளிடம் தாமத ஒவ்வாமையை உண்டாக்குவதில் முதலிடம் அலுமினிய உப்புகளுக்கு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி, கல்லீரல் அழற்சி பி ஊசி, நிமோனியா தடுப்பூசி ஆகியவற்றில் இவை உண்டு. காசநோய்க்கான பிசிஜி, தட்டம்மை–ரூபெல்லா ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு ஆகியவற்றில் இல்லை. அலெக்சாண்டர் கிளென்னி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1926இல், தொண்டை அடைப்பான் தடுப்பூசிப் பொருளைப் படிகாரத்தோடு சேர்த்துப் படிய வைத்தால் அது பல மடங்கு வீரியமாக வேலை செய்கிறது என்று கண்டறிந்தார். திருஷ்டிக்கென்று வீட்டு வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும், சவரம் செய்த பின் முகத்தில் தேய்க்கும் அதே படிகாரம் அலுமினிய உப்புதான். அலுமினியம் மருந்தை ஊசி போட்ட இடத்திலேயே சிறிது காலம் பிடித்து வைத்து, எதிர்ப்புச் செல்களை அங்கே வரவழைக்கிறது. அது இல்லாவிட்டால் இந்த ஊசிகள் பலவற்றின் பலன் குறைந்துவிடும். ஒரு டோஸில் 1.25 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கக் கூடாது என்று வரம்பும் உண்டு.

செல்களை வரவழைக்கும் அந்தக் குணமே, மிகச் சில குழந்தைகளிடம் எல்லை மீறிப் போகிறது. அலுமினியத்தைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள் முண்டு முண்டாகக் கூடி, தோலுக்கு அடியில் கெட்டியான சிறு உருண்டையாக நின்றுவிடுகின்றன. இதையே மருத்துவர்கள் கிரானுலோமா என்கிறார்கள். ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்தும், சில சமயம் மாதங்கள் கழித்தும் இது கையில் தட்டுப்படும். அரிப்புதான் முதன்மையான தொல்லை. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் வந்து எதிர்ப்பு மண்டலம் விழித்தெழும்போது அரிப்பு கூடும். மேல்தோல் கறுப்பதும் ரோமம் அடர்வதும் இதற்கே உரிய அடையாளங்கள். 1990களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் கக்குவான் தடுப்பூசி ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ 76,000 குழந்தைகள் தடுப்பூசி பெற்றபோது, அவர்களில் 645 பேருக்கு இத்தகைய அரிக்கும் கட்டிகள் தோன்றின. ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததைவிட இது மிக அதிகம். அவர்களில் சோதிக்கப்பட்ட குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் அலுமினியத்துக்குத் தாமத ஒவ்வாமை இருந்தது. கட்டிகள் கரையப் பல ஆண்டுகள் ஆயின, ஆனால் கரைந்தன. ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தபோது பெரும்பாலோரிடம் அந்த ஒவ்வாமையே மறைந்திருந்தது. தங்கை மகளின் மருத்துவர் சொன்னதும் அதுதான்: கீற வேண்டாம், எடுக்க வேண்டாம், அரிப்புக்கு மட்டும் களிம்பு தருகிறேன், காலம் பிடிக்கும்.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் மிக நுண்ணிய அளவில் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கும். புண்ணுக்குப் போடும் களிம்புகள் சிலவற்றிலும் அது உண்டு. அந்தக் களிம்பு பட்டால் தோல் அரித்துத் தடிக்கும் குழந்தைக்கு, ஊசி போட்ட இடத்தில் இரண்டு முதல் நான்கு நாட்களில் ஒரு சிறு சிவந்த பரு வரலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊசியைத் தவிர்க்க இது காரணமாகாது. நியோமைசினால் முன்பு அனஃபிலாக்சிஸ் வந்திருந்தால் மட்டுமே கதை வேறு. பல டோஸ் புட்டிகளில் கெடாமல் காக்கச் சேர்க்கும் தியோமெர்சால் விஷயத்திலும் இதே நிலைதான்.

ஜெலட்டின் கதை கொஞ்சம் நின்று கேட்கத் தக்கது. ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. முட்டையைச் சந்தேகித்தவர்கள் பலர். ஆராய்ந்து பார்த்தபோது, ஊசியில் மருந்தை நிலைநிறுத்தச் சேர்த்திருந்த ஜெலட்டின்தான் காரணம் என்று தெரிந்தது. அதற்கு முன்பு கைக்குழந்தைப் பருவத்தில் போட்ட முத்தடுப்பு ஊசியிலும் ஜெலட்டின் இருந்ததால், முதல் அறிமுகம் அங்கேயே நடந்துவிட்டிருந்தது. உடனடி எதிர்வினைகளோடு, மறுநாளுக்குப் பிறகு வந்த தாமத எதிர்வினைகளும் பதிவாயின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தியாளர்கள் ஜெலட்டினை நீக்கினர். ஒவ்வாமையும் வெகுவாகக் குறைந்தது. எது எப்போது வந்தது என்று யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால்தான் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடிந்தது. முட்டையைப் பற்றி இன்றும் நம்மிடையே அச்சம் இருக்கிறது. முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் தட்டம்மை ஊசியைத் தாராளமாகப் போடலாம்.

தாமதமாக வருவதெல்லாம் ஒவ்வாமை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கேதான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள், இங்கேதான் நாட்காட்டி கைகொடுக்கிறது. பென்டா ஊசியோ முத்தடுப்பு ஊசியோ போட்ட அன்றே தொடை சிவந்து வீங்கி, இரண்டு மூன்று நாளில் வடிந்தால் அது சாதாரண அழற்சி. தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டு ஆறாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் காய்ச்சலும் லேசான செம்புள்ளிகளும் வந்தால், ஊசியில் உள்ள பலவீனமாக்கப்பட்ட வைரஸ் உடம்பில் வேலை செய்கிறது என்று பொருள். பிறந்தவுடன் இடது தோளில் போடும் பிசிஜி, சில வாரங்கள் கழித்துப் பருவாகி, உடைந்து நீர் வடிந்து, மெல்ல ஆறித் தழும்பாவது அதன் இயல்பான போக்கு. நம் கிண்டியில் 1948இல் பிசிஜி ஆய்வகம் தொடங்கப்பட்ட ஊரில்கூட, அந்தப் புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போடும் வீடுகள் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதன் மேல் எதையும் தடவாமல் விடுவதே நல்லது. ஊசி போட்டு நான்கைந்து நாள் கழித்து உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து, ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றினால், சிறு குழந்தைகளிடம் அதற்குப் பெரும்பாலும் தற்செயலாகச் சேர்ந்துகொண்ட வைரஸ் தொற்றே காரணமாக இருக்கும்; ஆனாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அலுமினிய ஒவ்வாமை உறுதிதானா என்று அறிய பேட்ச் டெஸ்ட் என்ற பரிசோதனை உண்டு. சிறு வில்லைகளில் பொருளைத் தடவி முதுகில் ஒட்டி, இரண்டு நாள் நனையாமல் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, மீண்டும் ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் சென்னையில் ஒரு குழந்தையை இரண்டு நாள் முதுகு நனையாமல், வியர்வையில் வில்லை கழன்றுவிடாமல் வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று சொல்லத் தேவையில்லை. செய்தே ஆக வேண்டுமென்றால் மார்கழி, தை மாதங்கள் தோதானவை. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவைப்படுவதில்லை என்பதே என் புரிதல். கட்டியைத் தொட்டுப் பார்த்தும் கதையைக் கேட்டும் மருத்துவர் முடிவுக்கு வந்துவிடலாம். சோதனையின் விடை எதுவானாலும் அடுத்த ஊசி பற்றிய முடிவு அநேகமாக மாறுவதில்லை. ஒவ்வாமை உள்ள குழந்தையின் தோலில் படிகாரமோ அலுமினியம் சேர்ந்த வியர்வைத் தடுப்பானோ படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த ஊசி போடலாமா என்பதுதான் வீட்டில் எழும் பெரிய கேள்வி. அரிக்கும் கட்டி வந்தது என்பதற்காக முத்தடுப்பு ஊசியை நிறுத்தினால், குழந்தை தொண்டை அடைப்பானுக்கும் கக்குவான் இருமலுக்கும் ரணஜன்னிக்கும் பாதுகாப்பில்லாமல் நிற்கும். ஒரு பக்கம் சில ஆண்டுகள் அரித்துவிட்டு மறையும் பட்டாணி அளவுக் கட்டி. இன்னொரு பக்கம் மூச்சை நிறுத்தக்கூடிய நோய். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: மருத்துவரிடம் கேட்டு ஊசியைத் தொடர்வதுதான் சரி. செவிலியரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் கூடுதல் கவனத்தோடு போடுவார். மருந்து தசைக்குள் ஆழமாக இறங்காமல் தோலுக்கடியிலேயே தங்கிவிட்டால் கட்டி வர வாய்ப்பு கூடும் என்பதால், ஏற்ற நீளமுள்ள ஊசியும் சரியான ஆழமும் முக்கியம். போட்ட இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம். பாட்டிமார் அன்போடு செய்வதுதான், ஆனாலும் அதைத் தவிர்த்துவிடலாம். வலிக்கு ஈரத்துணியும், மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவில் பாராசிட்டமாலும் போதும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சு வாங்குவது, குழந்தை துவண்டு விழுவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், ஊசி போட்டு எத்தனை மணி நேரம் ஆகியிருந்தாலும், உடனே 108ஐ அழைக்க வேண்டும். கட்டி நாளுக்கு நாள் பெரிதாகி, சிவந்து, சுட்டு, தொட்டாலே குழந்தை வீறிட்டால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். காய்ச்சலோடு மூட்டுகள் வீங்கினாலும் அப்படியே. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் பழைய பிசிஜி தழும்பு திடீரெனச் சிவந்தால், அது ஊசியின் கோளாறாக இல்லாமல் கவாசாகி என்ற நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. எதுவானாலும் ஊசி போட்ட நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும்; தடுப்பூசிக்குப் பின் நேர்ந்ததைப் பதிவு செய்து மாவட்டத்துக்கு அனுப்ப அவர்களிடம் படிவம் உண்டு.

எந்த ஊசியால் வந்தது என்று கண்டுபிடிக்க இடமும் உதவும். அரசு நிலையங்களில் வழக்கமாக பென்டா இடது தொடையிலும், நிமோனியா ஊசி வலது தொடையிலும், தட்டம்மை–ரூபெல்லா வலது மேற்கையிலும் போடப்படுகின்றன. தங்கை இதையெல்லாம் இப்போது தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறாள். ஐந்து வயது ஊசிக்குப் போனபோது அந்தப் பக்கத்தைத்தான் செவிலியரிடம் முதலில் நீட்டினாள். அதில் நீல மையில் இப்படி இருந்தது: “ஒன்றரை வயது ஊசி. இடது தொடை. அன்று இரவு காய்ச்சல், மறுநாள் இல்லை. 22ஆம் நாள் பட்டாணி அளவு கட்டி, அரிப்பு, வலி இல்லை. சளி வந்தால் அரிப்பு அதிகம். மூன்றரை வயதில் மிளகு அளவு. நாலரை வயதில் கைக்குத் தட்டுப்படவில்லை.” செவிலியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கீழே அன்றைய தேதியையும் நேரத்தையும் தம் கையாலேயே எழுதி, குழந்தையின் மேற்கையைத் துடைத்தார்.